கீபோர்டு வாங்குமுன் கையைப் பாருங்கள்!

அயோத்தியாப்பட்டணத்தில் எங்கள் தெருவில் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, பாட்டி, ஒரு பெண், ஒரு பையன். வீட்டில் ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு சமையலறை. ஹாலில் பாட்டியின் கட்டில். கட்டிலுக்குப் பக்கத்தில் மேசை. மேசைமேல் கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு நாளில் மூன்று ஷிஃப்ட்!

பகலில் அந்தப் பெண் வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங் வேலை பார்ப்பாள். சாயங்காலம் டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சைக்குப் பயிற்சி. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் தம்பியின் துப்பாக்கிச் சண்டை. டுமீல் டுமீல் என்று பன்னிரண்டு மணி வரை ஓடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவும் தம்பியும் என்னைத் தேடி வந்தார்கள். நான் பல வருஷம் டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுத்தவன். அதனால் தெருவில் யார் கீபோர்டு வாங்கினாலும் என்னைக் கேட்பது வழக்கம்.

“சார், மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கலாம்னு இருக்கோமுங்க. புளூ ஸ்விட்ச், பிரவுன் ஸ்விட்ச், ரெட் ஸ்விட்ச்னு போட்டிருக்காங்க. எது நல்லதுங்க?” என்றாள் அக்கா.

“ரெட்தான் சார். கேமுக்கு அதுதான் பெஸ்ட்” என்றான் தம்பி.

எனக்குப் பிடித்த சப்ஜெக்ட். விடுவேனா? ஒரு மணி நேரம் பேசித் தீர்த்துவிட்டேன். கிளம்பும்போது அந்தப் பெண் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள்.

“ராத்திரியில வலது கை மரத்துப் போகுதுங்க சார். உதறினா சரியாயிடுது. நல்ல கீபோர்டு வாங்கிட்டா அதுவும் சரியாயிடும்ங்களா?”

“கண்டிப்பா!” என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான் நான் செய்த தப்பு. அதற்கு அவள் கொடுத்த விலை என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அவர்கள் கேட்ட கேள்விக்கு வருவோம். ஏனென்றால், இன்று உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இதே கேள்வியோடு உங்கள் பர்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம்!

ரப்பரா, ஸ்பிரிங்கா?

கம்ப்யூட்டரோடு வருகிற சாதாரண கீபோர்டைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே ஒரு ரப்பர் ஷீட் இருக்கும். ஒவ்வொரு பட்டனுக்கும் கீழே குட்டி இட்லி மாதிரி ஒரு ரப்பர் மேடு. பட்டனை அழுத்தினால் அந்த மேடு அமுங்கும். அடியில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் தாள்கள் ஒன்றையொன்று தொடும். எழுத்து விழும். பெரும்பாலும் அடிமட்டம் வரை அழுத்தினால்தான் விழும்.

மெக்கானிக்கல் கீபோர்டில் விஷயமே வேறு. ஒவ்வொரு பட்டனுக்கும் தனி ஸ்விட்ச், தனி ஸ்பிரிங். செர்ரி என்ற ஜெர்மன் கம்பெனி 1980-களில் கொண்டுவந்த ஸ்விட்சுகள்தான் இதில் பிரபலம். அந்தக் காப்புரிமையின் காலம் முடிந்தபிறகு, சீனக் கம்பெனிகள் பலவும் அதே அமைப்பில் செய்கின்றன. வழக்கமான ஸ்விட்ச் மொத்தம் 4 மில்லிமீட்டர் கீழே போகும். ஆனால் சுமார் 2 மில்லிமீட்டர் போனதுமே எழுத்து விழுந்துவிடும். பாதி வழியிலேயே வேலை முடிந்தது! மீதிப் பாதி வழி விரலுக்குத் தேவையே இல்லாத பிரயாணம்.

இது எங்களைப் போன்ற பழைய ஆட்களுக்குப் புதிய பாடமே இல்லை. கோத்ரெஜ் கம்பெனி 1955-ல் நம் நாட்டிலேயே டைப்ரைட்டர் செய்ய ஆரம்பித்தது. அந்த மெஷின்களில் படித்தவர்களுக்கு முதல் நாள் பாடம் என்ன தெரியுமா? “தட்டு, உடனே விடு. அழுத்திப் பிடிக்காதே!” பட்டனைத் தட்டிவிட்டால் போதும், எழுத்துக் கம்பி தானே வேகமெடுத்துப் போய்க் காகிதத்தில் விழும். ‘தட்டச்சு’ என்று நம் மொழியில் பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். தட்டுவதுதான் தொழில், குத்துவது இல்லை.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? கீபோர்டில் கருங்கல் உடைக்கிறோம்! டைப் அடிப்பவர்களின் விரல் பலத்தை அளந்து பார்த்த ஆராய்ச்சியாளர்கள், பட்டனுக்குத் தேவையான பலத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு பலத்தை நாம் செலவழிப்பதாகச் சொல்கிறார்கள். அடிமட்டத்தில் போய் ‘டொக்’ என்று மோதும் ஒவ்வொரு அடியும் விரல் நுனிக்குத் திரும்பி வருகிறது. எத்தனை விலை கொடுத்து எந்த ஸ்விட்ச் வாங்கினாலும், குத்துகிற பழக்கம் போகாவிட்டால் அந்தப் பணம் வீண்தான்.

மூன்று கலர், மூன்று குணம்

சரி, கலர் விஷயத்துக்கு வருவோம். ஸ்விட்சின் தண்டு எந்தக் கலரோ, அதுதான் அதன் பெயர். செர்ரியின் கணக்குப்படி குணம் இதுதான்.

ரெட்: மேலிருந்து கீழ்வரை வழவழவென்று இறங்கும். நடுவில் தடங்கல் கிடையாது. சுமார் 45 கிராம் பலம் போதும். சத்தமும் குறைவு.

பிரவுன்: பாதி வழியில் ஒரு சின்ன மேடு தட்டுப்படும். ‘எழுத்து விழுந்துவிட்டது, விரலை எடு’ என்று அது ஜாடை சொல்லும். மேட்டைத் தாண்டச் சுமார் 55 கிராம் வேண்டும்.

புளூ: மேடும் உண்டு, ‘கிளிக்’ என்ற சத்தமும் உண்டு. சுமார் 60 கிராம். அடிக்கிறவருக்கு டைப்ரைட்டர் சுகம், பக்கத்தில் படுத்திருக்கிறவருக்கு..? அதைப் பிறகு பார்ப்போம்.

ஒரு எச்சரிக்கை. மற்ற கம்பெனிகளும் இதே கலர்களைத்தான் வைக்கின்றன. ஆனால் ஒரு கம்பெனியின் ரெட்டும் இன்னொரு கம்பெனியின் ரெட்டும் ஒரே எடை என்று சட்டம் எதுவும் இல்லை. அதனால் கலரைக் கேட்காதீர்கள், கிராமைக் கேளுங்கள்.

‘பத்துப் பதினைந்து கிராமில் என்ன சார் வந்துவிடப் போகிறது?’ என்பீர்கள். கணக்குப் போடுங்கள். ஆங்கில ஹையருக்கு நிமிஷத்துக்கு 45 வார்த்தை வேகம். ஒரு வார்த்தைக்கு 5 தட்டு என்று வைத்தால், நிமிஷத்துக்கு 225. நிற்காமல் ஒரு மணி நேரம் அடித்தால் 13,500 தட்டு. ஒவ்வொரு தட்டிலும் 15 கிராம் மிச்சமானால், மொத்தம் 200 கிலோவுக்கு மேல்! ஐம்பது கிலோ அரிசி மூட்டையில் நாலு. மூட்டை தூக்குவதும் பட்டன் தட்டுவதும் ஒன்று என்று சொல்லவரவில்லை. யாரும் ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் அடிப்பதும் இல்லை. ஆனால் சின்னச் சின்ன பாரம் எப்படிச் சேருகிறது என்பது புரிகிறதல்லவா?

பத்து ரூபாய் நாணயத்துக்கு ஒரு வேலை

உங்கள் வீட்டுக் கீபோர்டு எத்தனை கிராம் கேட்கிறது? நீங்களே கண்டுபிடிக்கலாம். கடையில் கொடுத்தால் ‘வேற காசு இருந்தா குடுங்க’ என்று திருப்பித் தருவார்களே, அந்தப் பத்து ரூபாய் நாணயம்... அதை எடுங்கள். ஒன்று 7.71 கிராம் எடை.

பட்டன்மேல் ஒரு சின்ன அழிரப்பர் துண்டை வையுங்கள். இல்லாவிட்டால் நாணயம் பக்கத்துப் பட்டனையும் தொட்டுவிடும். அதன்மேல் நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக மெதுவாக அடுக்குங்கள். திரையில் எழுத்து விழுந்ததும் நிறுத்தி எண்ணுங்கள். ரப்பர் துண்டின் எடையும் கொஞ்சம் சேரும் என்பதால் இது உத்தேசக் கணக்குதான். 6 நாணயம் என்றால் 46 கிராம், லேசான பட்டன். 7 என்றால் 54, நடுத்தரம். 8 என்றால் சுமார் 62. இதற்குமேல் போனால் நாள் முழுக்க டைப் அடிப்பவருக்கு அதிகம் என்பது என் கருத்து.

அதற்காக ரொம்ப லேசாகவும் போய்விடாதீர்கள். விரலைச் சும்மா வைத்தாலே எழுத்து விழும். பயந்துபோய் விரலை அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடிப்பீர்கள். அது இன்னொரு வலி!

டைப் அடிப்பவருக்கு எது?

என் ஓட்டு பிரவுனுக்கு. அந்தச் சின்ன மேடு ஒரு வாத்தியார் மாதிரி. எங்கே நிறுத்தவேண்டும் என்று விரலுக்குச் சொல்லிக் கொடுக்கும். அடிமட்டம் வரை குத்துகிற பழக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

தமிழ் அடிப்பவர்கள் இன்னொன்றும் யோசிக்கவேண்டும். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா போன நூற்றாண்டின் ஆரம்பத்தில் தமிழ் டைப்ரைட்டருக்கு வழி செய்து வைத்தார். 247 எழுத்தை அத்தனை சின்ன மெஷினுக்குள் அடக்கியது பெரிய சாதனைதான். ஆனால் அந்த டைப்ரைட்டர் முறையில் பல எழுத்துக்கு ஷிஃப்ட் வேண்டும். ஷிஃப்ட் யாருடைய வேலை? பாவம், சுண்டுவிரலுடையது! இருப்பதிலேயே நோஞ்சான் விரலுக்கு இருப்பதிலேயே கஷ்டமான வேலை.

1999-ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறையில் இந்தச் சிரமம் குறைவு. உயிரெழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு. க, ப, ம, த, ந என்று அடிக்கடி வருகிறவை நடு வரிசையிலேயே இருக்கும். ஷிஃப்ட் தேவைப்படுவது அபூர்வம். பரீட்சைக்குப் பழைய முறை படிக்கிறவர்கள் அதையே தொடரட்டும். வீட்டில் தமிழில் எழுதவென்றே புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் தமிழ்99-ஐத்தான் சிபாரிசு செய்வேன். விலை உயர்ந்த ஸ்விட்ச் தராத சுகத்தை, காசு செலவில்லாமல் இந்த மாற்றம் தரும்.

‘ஹாட் ஸ்வாப்’ என்று ஒரு வகை கீபோர்டு இருக்கிறது. அதில் ஸ்விட்சைப் பல்லைப் பிடுங்குகிற மாதிரி தனித்தனியாகப் பிடுங்கி மாற்றலாம். ஷிஃப்டுக்கும் சுண்டுவிரல் பட்டன்களுக்கும் மட்டும் லேசான ஸ்விட்ச் போட்டுக்கொள்ளலாம். ஒன்று கெட்டால் அது ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். பஸ் போகிற ரோட்டோரம் வீடு, தூசி அதிகம் என்கிறவர்களுக்கு இது நல்ல சௌகரியம்.

கேம் ஆடும் பிள்ளைக்கு..?

தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது. கேமில் முன்னே ஓடுகிற பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும். தட்டி விடுவது கிடையாது. பிடித்திருக்க லேசான, வழவழப்பான ரெட் சௌகரியம்தான்.

ஆனால் கடைக்காரர் அதோடு விடமாட்டார். ‘ஸ்பீடு ஸ்விட்ச் இருக்கு தம்பி, 1.2 மில்லிமீட்டரிலேயே சுடும். காந்த ஸ்விட்ச் இருக்கு, அதைவிட சீக்கிரம் சுடும்’ என்பார். பொய் இல்லை. ஆனால் எவ்வளவு சீக்கிரம்? கண் பார்த்து, மூளைக்குச் சொல்லி, விரல் அசைய நமக்குச் சுமார் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. ஸ்விட்சில் மிச்சமாவது ஒரு விநாடியை ஆயிரமாக்கி, அதில் சில பங்கு. போட்டிகளில் ஆடிச் சம்பாதிக்கிற வீரருக்கு அது உதவலாம். பத்தாம் வகுப்புப் பையனுக்கு அதற்காக ஐயாயிரம் ரூபாய் கூடுதலா?

பெற்றோர் கவனிக்கவேண்டியது ஸ்விட்சை விட, கடிகாரத்தை. இடது கை ஒரே நிலையில் விறைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் இருந்தால் எந்தக் கலர் ஸ்விட்சும் காப்பாற்றாது. தசைக்கு ரத்தம் ஓட அசைவு வேண்டும். ஒரு ஆட்டம் முடிந்ததும் எழுந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, கையைத் தொங்கவிட்டு விரல்களை மடக்கி நீட்டச் சொல்லுங்கள்.

ஆட்டத்தை நிறுத்தவே முடியவில்லை, படிப்பும் தூக்கமும் சாப்பாடும் கெட்டும் விடமுடியவில்லை, மாதக்கணக்கில் இப்படியே போகிறது என்றால் அது வேறு விஷயம். உலக சுகாதார நிறுவனம் இதை 2019-ல் நோய்களின் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. ஆடுகிற பிள்ளைகள் எல்லாம் நோயாளிகள் என்று அர்த்தமில்லை. கட்டுப்பாடு போய்விட்ட பிள்ளையைத் திட்டிப் பிரயோஜனமில்லை, டாக்டரிடம் அழைத்துப் போகவேண்டும் என்றுதான் அர்த்தம்.

இனி பாட்டியின் கட்டிலுக்கு வருவோம். அந்த வீட்டில் புளூ ஸ்விட்ச் வாங்கினால் என்ன ஆகும்? தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவர்களுக்குச் சத்தம் பழகிவிடும் என்பார்கள். தறிச் சத்தம் ஒரே தாளத்தில் ஓடும். கீபோர்டுச் சத்தம் நின்று நின்று திடீரென்று வெடிக்கும். தூங்குகிற மூளைக்கு அதுதான் எதிரி. ஹாலில் யாராவது படுத்திருக்கிற வீட்டுக்கும், கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கும், நைட் ஷிஃப்ட் போய்விட்டு வந்து பகலில் தூங்குகிற ஆள் இருக்கிற வீட்டுக்கும் புளூ வேண்டவே வேண்டாம். ‘சைலண்ட்’ என்று தனியாகவே ஸ்விட்ச் வருகிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

முதல் செலவு மேசைக்கு

கீபோர்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள், அதை எதன்மேல் வைக்கிறார்கள் என்று பாருங்கள். சாப்பாட்டு மேசை! அதன் உயரம் சுமார் 30 அங்குலம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் நம் பெண்கள் பலருக்கும் முழங்கை மேசைக்குக் கீழேதான் இருக்கும். அப்புறம் தோளைத் தூக்கிக்கொண்டு, மணிக்கட்டைப் பின்பக்கம் ஒடித்துக்கொண்டு அடிக்கவேண்டியதுதான். மெக்கானிக்கல் கீபோர்டு சாதாரணக் கீபோர்டை விட உயரம் அதிகம். அதனால் நிலைமை இன்னும் மோசமாகும்!

செலவில்லாத வைத்தியம் இருக்கிறது. வீட்டில் இருக்கும் பவானி ஜமக்காளத்தை நாலாக மடித்து நாற்காலியில் போடுங்கள். கால் தரையில் எட்டாவிட்டால், ஒரு மணைப் பலகையை வைத்துக்கொள்ளுங்கள். தோள் தளர்ந்து, முழங்கை உடம்போடு ஒட்டி, முன்கை தரைக்கு இணையாக இருக்கவேண்டும். கீபோர்டின் பின்பக்கம் இரண்டு குட்டிக் கால்கள் இருக்கும் பாருங்கள், அதை மடக்கிவிடுங்கள். அதை நிமிர்த்தினால் மணிக்கட்டு இன்னும் ஒடியும். மணிக்கட்டுக்கு மெத்தை வைத்திருந்தால், அது அடிக்காத நேரத்தில் ஓய்வெடுக்க மட்டும்தான்.

வலது பக்கம் நம்பர் பட்டன்கள் இல்லாத சின்ன கீபோர்டு வாங்கினால் மவுஸ் பக்கத்தில் வரும். தோள் பிழைக்கும். கணக்கு, டேட்டா என்ட்ரி வேலை இருந்தால் நம்பர் பட்டன்களைத் தனியாக வாங்கி வேண்டும்போது வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அந்த விலை

கடைசியில் சொல்கிறேன் என்றேனே...

அந்த வீட்டில் என் பேச்சைக் கேட்டு நல்ல பிரவுன் ஸ்விட்ச் கீபோர்டாக வாங்கினார்கள். “அடிக்க சுகமா இருக்குங்க சார்” என்றாள் அந்தப் பெண். ராத்திரி மரத்துப் போவது மட்டும் நிற்கவில்லை. ‘புதுசு, பழக நாளாகும்’ என்று நினைத்துக்கொண்டாள். நானும் அப்படித்தான் சொன்னேன். வீட்டில் சுளுக்கு என்று நினைத்து ஒருவர் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். நாலு மாதம் ஓடியது. ஒரு நாள் காலையில் பால் பாத்திரம் கையிலிருந்து நழுவி விழுந்தது. அதற்குப் பிறகுதான் சேலத்தில் டாக்டரிடம் போனார்கள்.

டாக்டர் கீபோர்டைப் பற்றிக் கேட்கவே இல்லையாம். “உடம்பு கனத்துச்சா? சும்மா இருந்தாலே அசதியா இருக்கா?” என்று கேட்டாராம். ரத்தப் பரிசோதனை. தைராய்டு குறைவு!

கீபோர்டுக்கும் தைராய்டுக்கும் என்ன சம்பந்தம்? சொல்கிறேன். விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை. முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து ஒன்பது தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரு குறுகலான சந்து வழியாக விரலுக்குப் போகின்றன. அதே சந்தில் ஒரு நரம்பும் போகிறது. தைராய்டு குறைந்தாலும், சர்க்கரை வியாதி இருந்தாலும், கர்ப்ப காலத்திலும் அந்தச் சந்தில் வீக்கமோ நெரிசலோ ஏற்பட்டு நரம்பு நசுங்கலாம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி... இவை மரத்துப் போகும். ராத்திரியில் அதிகம். கையை உதறினால் கொஞ்சம் விடும். ‘கார்பல் டனல்’ என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான்.

கீபோர்டு அடிப்பதால்தான் இது வருகிறது என்று உறுதியாகச் சொல்ல ஆய்வுகளில் ஆதாரம் போதவில்லை. ஸ்விட்சை மாற்றினால் தீருமா? 1999-ல் அமெரிக்காவில் ஒரு சின்ன ஆய்வு வெளியானது. கை மரத்துப்போகும் 20 பேருக்கு, பட்டன் அமுங்கும் விதத்தில் வேறுபட்ட இரண்டு கீபோர்டுகளைக் கொடுத்துப் பன்னிரண்டு வாரம் பார்த்தார்கள். ஒரு வகையில் வலி குறைந்தது. ஆனால் நரம்பு செய்தி கடத்தும் வேகத்தில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: நல்ல ஸ்விட்ச் வலியைக் கொஞ்சம் குறைக்கலாம், நசுங்கிய நரம்பை நிமிர்த்தாது. வலி குறைந்ததால் டாக்டரிடம் போவது தள்ளிப் போனால், அந்த சுகமே ஆபத்து!

அந்தப் பெண்ணுக்கு மாத்திரை ஆரம்பித்தார்கள். ராத்திரியில் மணிக்கட்டு மடங்காமல் இருக்கப் பட்டை போட்டுக்கொண்டு தூங்கச் சொன்னார்கள். சில மாதங்களில் கை தேறிவிட்டது. ஆனால் அந்த ஆகஸ்ட் பரீட்சை போனது போனதுதான். அடுத்தது பிப்ரவரியில். ஒரு அரை வருஷம்! டைப்பிஸ்ட் வேலையைக் கனவு காண்கிற நடுத்தர வீட்டுப் பெண்ணுக்கு அரை வருஷம் என்பது சாதாரணமா? அந்த அரை வருஷத்தில் என் ‘கண்டிப்பா’வுக்கும் பங்கு உண்டு.

அதனால்தான் சொல்கிறேன். பெட்டிமேல் ‘எர்கோனாமிக்’ என்று தங்க எழுத்தில் அச்சடித்திருந்தாலும் கீபோர்டு ஒரு சாமான்தான், மருந்து கிடையாது. வாங்குமுன் எல்லோரும் தங்கள் கையைத் தாங்களே இரண்டு கேள்வி கேட்கவேண்டும். ‘ராத்திரியில் மரத்துப் போகிறாயா? சாமான் நழுவுகிறதா?’ இரண்டில் ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் முதலில் போகவேண்டிய இடம் டாக்டர். கட்டைவிரல் அடிச் சதை வற்றிப்போனால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். சுண்டுவிரல் மரத்தால் அது பெரும்பாலும் வேறு நரம்பு. முழங்கையில் இருக்கலாம், கழுத்தில் இருக்கலாம். அதையும் டாக்டர்தான் பார்க்கவேண்டும். இழுத்துவிடுவதும், இறுக்கிக் கட்டுவதும், நாமாக வலி மாத்திரை விழுங்குவதும் வேண்டாம்.

கை நன்றாக இருக்கிறதா? சந்தோஷம். இப்போது கடைக்குப் போகலாம். மறக்காமல்...

* கலரைக் கேட்காதீர்கள், கிராமைக் கேளுங்கள். முடிந்தால் கடையிலேயே ஐந்து நிமிஷம் அடித்துப் பாருங்கள்.

* டைப்புக்கு மேடு உள்ள 50 – 55 கிராம். கேமுக்கு வழவழப்பான 45 கிராம். இரண்டுக்கும் ஒரே கீபோர்டு என்றால், அதிக நேரம் உட்காருகிறவரின் கைக்கு வாங்குங்கள்.

* பக்கத்தில் யாராவது தூங்கினால் சைலண்ட் ஸ்விட்ச்.

* இரண்டாயிரம் ரூபாய்க்கு உள்ளேயே மெக்கானிக்கல் கிடைக்கிறது. மிச்சப் பணத்தில் முதுகு நிற்கிற நாற்காலி வாங்குங்கள்.

* அரை மணிக்கொரு தடவை எழுந்திருங்கள்.

எங்கள் ஊர்க் கோயிலில் இருப்பவர் கோதண்டராமர். கோதண்டம் அவர் கைக்கு ஏற்ற வில். பக்கத்து வீட்டுப் பையன் வைத்திருக்கிறான் என்பதற்காக அவர் வில்லை மாற்றியதில்லை. உங்கள் விரலுக்கும் அதே நியாயம்தான்.

போன வாரம் அந்தப் பெண்ணைப் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். “கீபோர்டு எப்படிம்மா இருக்கு?” என்றேன். சிரித்தாள்.

“நல்லாத்தான் இருக்குங்க சார். ஆனா கை சரியானது மாத்திரையாலதாங்க. அடுத்த வாட்டி யாராச்சும் ஸ்விட்ச் கேட்டு வந்தா, முதல்ல கையைக் காட்டச் சொல்லுங்க.”

சொல்லிவிட்டேன், அம்மா!